பெட்டியை மூடிய பிறகு

ஜார்ஜ் டவுன் மாநகரில், டத்தோ கிராமாட் சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில், பருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் மேல் பூவேலைத் துணியொன்று விரிக்கப்பட்டிருக்கிறது. துணியின் மேல் பேரப்பிள்ளைகளின் படங்கள். பெட்டி ஒளிர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. ஆயினும் அதனை வெளியே எறிய அந்த வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். மாணவர்கள் அவரை அன்றும் இன்றும் 'ஐயா' என்றே அழைக்கின்றனர். இக்கட்டுரையிலும் அவர் ஐயாவாகவே இருக்கட்டும்.

மலேசியாவில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு முற்றாக நிறுத்தப்பட்டது. வட்டாரம் வட்டாரமாக நிகழ்ந்த மாற்றத்தில் பினாங்கின் முறை அதற்கு முன்னரே வந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் சிறு கருவியொன்றைப் பொருத்தினால் புதிய இலக்கமுறை ஒளிபரப்பைப் பெறலாம். விலையும் மிகுதியன்று. மகன் வாங்கித் தருவதாகவே சொன்னார். ஐயா வேண்டாம் என்றார். "அது போதுமப்பா, அதுவும் நானும் பேசிக்கொள்வது நின்று நெடுநாளாயிற்று" என்பது அவர் கூறிய விடை. அவருடைய துணைவியார் மட்டும் இந்த முடிவில் ஒப்புதல் இல்லாதவர். தொடர் நாடகங்களை விடுவதாக இல்லை அந்த அம்மையார். மாலைதோறும் அடுத்த தளத்தில் வாழும் மகள் வீட்டுக்குச் சென்று, பார்த்துவிட்டு வந்து, கேட்க விருப்பமில்லாத கணவரிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டே உறங்குவார். தொலைக்காட்சியைத் துறந்த வீட்டிலும் தொலைக்காட்சி இவ்வாறு ஒருவாறு வாழ்ந்து கொண்டுதான் இருந்தது.

வெறுப்பினால் மூடிய பெட்டியன்று அது. அந்தத் தலைமுறையினர் தொலைக்காட்சியை வெறுத்தவர் அல்லர், வியந்தவர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரகுமான் ஒளிபரப்பைத் தொடக்கி வைத்தார். தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலம் அது. பெட்டி வைத்திருந்தவர் வீட்டு வாயிலில் செருப்புகள் குவிந்தன. உள்ளே இடம் கிடைக்காத சிறுவர்கள் சன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நின்றனர். தமிழ்த் திரைப்படம் ஒளிபரப்பாகும் நாளில் தோட்டத்து லயங்களில் சமையல் முன்கூட்டியே முடிந்துவிடும். 1978ஆம் ஆண்டு டிசம்பரில் வண்ணம் வந்தது. 1984இல் தனியார் நிலையம் வந்தது. லிட்டல் இந்தியாவின் கடைகளில் ஒளிநாடாக்கள் வாடகைக்குக் கிடைத்தன. 1996இல் துணைக்கோள் வழியாக ஆஸ்ட்ரோ வந்து, தமிழுக்கெனத் தனி அலைவரிசையையும் தந்தது. ஒரு மொழி நாளுக்குச் சில நிமிடங்களே பெற்றிருந்த நிலை மாறி, இருபத்து நான்கு மணி நேரமும் ஒலிக்கத் தொடங்கியது. மகிழ வேண்டிய மாற்றமே. ஆனால் பசியோடிருந்தவனுக்கு ஒரு பிடி சோறு இனித்தது போல, விருந்து முழுவதும் இனிக்கவில்லை.

பினாங்குத் தமிழர்க்கு அலைவழித் தொடர்பு புதியதன்று என்பதையும் ஈண்டுக் கூறிவிடல் வேண்டும். தொலைக்காட்சிக்கு மூன்று பதிற்றாண்டுகளுக்கு முன்பே, 1934ஆம் ஆண்டில், பினாங்கு வானொலிச் சங்கம் தன் நிலையத்தின் வழியாக ஒலிபரப்பு நடத்திற்று. ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது. ஆர்வலர்கள் சிலர் கூடி நடத்திய நிலையம் அது. அரசும் பெருநிறுவனமும் கைக்கொள்வதற்கு முன்பு ஒலிபரப்பு ஆர்வலர் கையில்தான் இருந்தது. இப்போது மீண்டும் ஆர்வலர் கைக்கே ஒரு பகுதி வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் இருந்த காலம்தான் தொலைக்காட்சியின் காலம்.

இந்த மாற்றத்தைத் தம் வாழ்க்கையிலேயே நடந்து காட்டியவர் என்று பினாங்குத் தமிழர் நினைக்கத் தக்கவர் ரெ. கார்த்திகேசு. 1940ஆம் ஆண்டில் கெடாவின் பீடோங்கில் பிறந்த அவர், மலேசிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றியவர். ஒளிபரப்புத் துறையில் ஏறத்தக்க படிகள் இருந்தும் அவர் அதனை விட்டுப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கே தகவல் சாதனத் துறையில் கற்பித்துப் பேராசிரியராக உயர்ந்தார். வெளியே வந்தவர் தொலைக்காட்சியை மறக்கவில்லை. அதனை ஆராயத் தொடங்கினார். வளரும் ஆசிய நாடுகளில் ஒளிபரப்பின் மீதான கட்டுப்பாடுகள் தளர்வதைப் பற்றி, மலேசியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, 1994ஆம் ஆண்டில் அனைத்துலக ஆய்விதழொன்றில் அவர் எழுதினார். புதினங்களும் சிறுகதைகளும் திறனாய்வுகளும் எழுதிய கை அது. 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' முதலிய புதினங்களைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். பிற்காலத்தில் கணினித் தமிழிலும் இணையத்திலும் அவர் காட்டிய ஆர்வம், வயதில் இளையோரையும் நாணச் செய்வது. 2016ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தொலைக்காட்சியின் உள்ளே இருந்து பார்த்து, பின்னர் வெளியே நின்று அளந்து, முடிவில் இணையத்தின் வாயிலுக்கும் வந்து நின்ற ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

அதே தீவில் பிறந்த மற்றொருவர் க. சுபாஷிணி. ஜெர்மனியில் வாழும் இந்தக் கணினித்துறை அறிஞர், கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த 2001ஆம் ஆண்டில், நா. கண்ணனோடு சேர்ந்து தமிழ் மரபு அறக்கட்டளையைத் தொடங்கினார். ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் மின்வடிவாக்குவது அதன் தொடக்கப் பணி. அதனோடு நில்லாமல், 'மண்ணின் குரல்' என்ற பெயரில் ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் திரட்டி இணையத்தில் எவரும் காணும்படி வைத்தது அந்த அமைப்பு. கோயில்கள், கல்வெட்டுகள், தொழில்கள், ஊர் நினைவுகள் எனத் தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத பொருள்கள் அவற்றில் உள்ளன. விளம்பரம் தருவோர் கேட்காத பொருள்கள் என்றும் சொல்லலாம். ஐயா முதன்முதலாகப் பிறருக்கு அனுப்பிய காணொளி இந்தத் தொகுதியிலிருந்து எடுத்ததே.

அது நிகழ்ந்தது 2020ஆம் ஆண்டில். பெருந்தொற்றின் காரணமாக மார்ச்சு 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. லெபோ பாசார் வெறிச்சோடியது. படகுத்துறையில் ஆளில்லை. பேரப்பிள்ளை ஒருத்தி தன் பழைய கைப்பேசியைத் தாத்தாவுக்குத் தந்திருந்தாள். அதில் யூடியூப் எனும் வலையொளியைத் திறந்து பார்த்த ஐயாவுக்கு முதலில் ஏற்பட்டது மகிழ்ச்சியன்று, திகைப்பே. ஒரு காணொளியைத் தொட்டால் அடுத்தது தானே வந்து நிற்கிறது. அதனைத் தொட்டால் இன்னொன்று. சுவடி பற்றிய காணொளியில் தொடங்கியவர், ஒரு மணி நேரம் கழித்து, முன்பின் அறியாத நடிகரொருவரின் வீட்டுச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டியை மூடியது வீண்தானோ" என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

அந்தக் கேள்வி பொருளுடையது. தொலைக்காட்சியில் யாரோ ஓர் அதிகாரி நமக்கெனத் தேர்ந்தெடுத்தார். அவருடைய தேர்வு நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் தேர்ந்தவர் ஒரு மனிதர். திட்டலாம், மடல் எழுதலாம். ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தில் அவ்வாறு மடல் எழுதியவர்களும் உண்டு. வலையொளியில் தேர்வது பொறி. அது நம் அறிவை எடைபோடுவதில்லை. நாம் எவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் இருப்போம் என்பதையே எடைபோடுகிறது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் ஓர் இளைஞர் நின்று பேசும் சில நொடிக் காட்சியோடு தொடங்கியது அந்தத் தளம். 2019ஆம் ஆண்டளவில் அதில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளிகள் ஏற்றப்பட்டன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் ஏறுபவை 7,20,000 மணி நேரம். உண்ணாமல் உறங்காமல் பார்த்தால், ஒரே நாளில் ஏறியதைப் பார்த்து முடிக்க 82 ஆண்டுகள் வேண்டும். ஒரு மனிதரின் முழு வாழ்நாள். ஐயா இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, விடையைக் கண்டதும் பேனாவை மூடி வைத்தார்.

இத்தகைய வெள்ளத்தின் முன் நிற்பவனுக்குத் தமிழ் இலக்கியம் கற்றுத் தந்த வழியொன்று உண்டு. தொகுத்தல் என்பது அது. சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது அவை பாடப்பட்டதனால் மட்டுமன்று, தொகுக்கப்பட்டதனால். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். பாடியவர் புகழ் பெற்றனர். தொகுத்தவரின் பெயரை வினாத்தாளுக்காக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அடியளவால் வரையறுத்து, இது உள்ளே, இது வெளியே என்று ஒரு மனிதர் முடிவு செய்யாதிருந்தால், அந்தப் பாடல்களில் எத்தனை இன்று எஞ்சியிருக்கும்? பாடியவரின் பெயர் தெரியாத இடங்களில், பாட்டின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கிய பெருந்தகைமையும் தொகுத்த மரபினுடையதே. பெயரறியாத ஒருவர் எடுத்த காணொளியைத் தமதென்று காட்டிப் பரப்புகின்றவர்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

ஐயா எட்டணாப் பழக்கமுள்ள மனிதர். பெரிய திட்டம் எதையும் வகுக்கவில்லை. நாளுக்கு ஒரு காணொளி, பத்து நிமிடத்துக்கு மிகாமல். அதனை முழுமையாகத் தாம் பார்த்த பிறகே, புலனத்தின் வழியாகப் பழைய மாணவர் நாற்பது பேருக்கு அனுப்புவார். படியெடுத்து அனுப்புவதில்லை, எடுத்தவரின் பக்கத்துக்குச் செல்லும் இணைப்பை மட்டுமே அனுப்புவார். அதன் மேல் நான்கைந்து வரிக் குறிப்பு: எடுத்தவர் யார், எங்கே, எப்போது, எந்த இடத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும். இவையனைத்தையும் கோடு போட்ட பள்ளிக் குறிப்பேட்டில் எண்ணிட்டு எழுதி வைப்பார். காலை ஏழு மணிக்கு அனுப்ப வேண்டிய குறிப்பை முந்தின மாலையே எழுதி, ஒருமுறை திருத்தி, மீண்டும் படித்துப் பார்ப்பார். பாடக்குறிப்பு எழுதிய கை வேறெப்படி எழுதும்!

அமெரிக்காவில் ரியோன் நக்காயா என்ற பெண்மணி 2011ஆம் ஆண்டு முதல் இதே பணியைச் சிறுவர்களுக்காகப் பெரிய அளவில் செய்து வந்ததைப் பின்னாளில்தான் ஐயா அறிந்தார். குழந்தைகளுக்கென எடுக்கப்படாத, ஆனால் குழந்தைகளும் காணத்தக்க அறிவியல், கலை, தொழில் காணொளிகளைத் தேர்ந்து தொகுத்தவர் அவர். அறிந்தபோது ஐயாவுக்குப் பெருமையும் சிறிது பொறாமையும் ஒருங்கே எழுந்தன. "தமிழில் குறிப்பெழுத அந்த அம்மையாரால் முடியாதே" என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

தமிழில் எழுதிய குறிப்புகளே அந்தக் காணொளிகளுக்கு உயிர் தந்தன எனலாம். ஓர் எடுத்துக்காட்டு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் எனும் அமெரிக்கத் தம்பதியர் 1977ஆம் ஆண்டில் எடுத்த குறும்படம் ஒன்றுண்டு. பத்தின் அடுக்குகள் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சிக்காகோ நகரப் பூங்காவில் ஒருவர் படுத்திருக்கிறார். பத்து நொடிக்கு ஒருமுறை நாம் பத்து மடங்கு தொலைவுக்கு விலகிச் செல்கிறோம். நகரம், கண்டம், உலகம், ஞாயிறு, விண்மீன் கூட்டங்கள் என யாவும் சுருங்கிப் புள்ளியாகின்றன. பின்னர் இன்னும் விரைவாகத் திரும்பி வந்து, அவருடைய கையின் தோலுக்குள் புகுந்து, அணுவின் உள்ளே முடிகிறது படம். அண்டத்தில் உள்ளது பிண்டத்தில் என்று நம் முன்னோர் சொன்னதை மாணவர்க்கு விளக்க ஒரு வாரம் ஆகும். ஒன்பது நிமிடப் படம் அதனைக் கண்முன் நிறுத்திற்று. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் ஐயா குறிப்பில் எழுதத் தவறவில்லை. சித்தர் சொன்னது மெய்ப்பொருள், படம் காட்டுவது அளவை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டிருந்தால், 'எல்லாம் நம்மவர் முன்பே கண்டது' என்ற வீண் பெருமைக்கு அது தீனியாகியிருக்கும். பள்ளியில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர், பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றின் அறிவியல் வகுப்பில், அந்தக் குறிப்பையே படித்துக் காட்டினார்.

எல்லா நாளும் இப்படி அமையவில்லை. அதே 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பழங்காலப் பினாங்கு என்ற தலைப்போடு ஒரு கறுப்பு வெள்ளைக் காணொளி பலர் கைவழியாக ஐயாவிடம் வந்தது. மாட்டு வண்டிகள், தலைப்பாகை அணிந்த கடைக்காரர்கள், கோயில் கோபுரத்தின் ஓரம். குவீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் ஆலயத்தின் பக்கம் இது என்று அவருடைய கண் நம்பிவிட்டது. கண் நம்ப விரும்பியது என்பதே சரி. அவருடைய பாட்டனார் அந்தத் தெருக்களில் வண்டி ஓட்டியவர். அன்று ஒரு நாள், முழுமையாக ஆராயாமல், கண் கலங்க நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டார். நாற்பது பேரும் பாராட்டினர். அவர்கள் வேறு நானூறு பேருக்கு அனுப்பினர்.

மூன்றாம் நாள் சிங்கப்பூரில் பணியாற்றும் மாணவர் ஒருவர் தனியே எழுதினார். "ஐயா, மன்னிக்க வேண்டும். நான்காவது நிமிடத்தில் ஒரு பெயர்ப் பலகை தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அது பர்மிய எழுத்து."

ஐயா பெரிதாக்கிப் பார்த்தார். பர்மிய எழுத்துத்தான். அந்தத் தெரு இரங்கூனோ, பர்மாவின் வேறு நகரமோ, பினாங்கு மட்டும் அன்று. முப்பது ஆண்டுகள் மாணவரின் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டவர் அன்று இரவு உண்ணவில்லை. மறுநாள் காணொளி அனுப்பவில்லை. மாறாக ஒரு திருத்தம் அனுப்பினார். பிழை தம்முடையது, பர்மிய எழுத்தைக் கண்டவர் தம் மாணவர் என்று அதில் எழுதி, அந்தக் காணொளியை யார் யாருக்கு அனுப்பினார்களோ அவர்களுக்கெல்லாம் இத்திருத்தத்தையும் அனுப்பும்படி வேண்டினார். காணொளி நானூறு பேரைச் சென்றடைந்தது. திருத்தம் எத்தனை பேரை அடைந்தது என்பதை யாரும் எண்ணவில்லை. அன்று முதல் குறிப்பேட்டில் 'மூலம்' என்று புதிதாக ஒரு நிரல் சேர்ந்தது. மூலம் தெரியாதவற்றை அனுப்புவதில்லை. இதனால் அழகிய காணொளிகள் பல அனுப்பப்படாமலே போயின. இழப்புத்தான். ஆயினும் அந்த நிரல் இல்லாத தொகுப்பைத் தொகுப்பென்று சொல்ல இயலாது.

2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தை இத்தீவினர் எளிதில் மறக்கமாட்டார்கள். தொற்றுக் கட்டுப்பாடுகளால் தண்ணீர்மலைக்குக் காவடிகள் ஏறவில்லை, தண்ணீர்ப்பந்தல்கள் இல்லை, தேங்காய் மலைகள் குவியவில்லை. 1894ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பினாங்கு வீதியிலிருந்து நகரத்தார் இழுத்து வரும் வெள்ளித்தேரின் வருகைக்காகக் காத்திருந்து பழகிய வீதிகள் அமைதியாய்க் கிடந்தன. அந்த வாரம் ஏழு நாளும் ஐயா முந்தைய ஆண்டுகளின் தைப்பூசக் காணொளிகளையே தேர்ந்தனுப்பினார். தேரின் முழுத் தோற்றத்தை அல்ல. தேர் திரும்பும் மூலையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவரின் கைகளை, உறுமியடிப்பவரின் விரல்களை, விடியற்காலையில் தெருவிலிருந்து தேங்காய்ச் சிதறலைத் தள்ளிக் குவிக்கும் நகராண்மைத் தொழிலாளரை. தொலைக்காட்சிச் செய்தியில் இவை இரண்டு நொடிக்கு மேல் நில்லா. அந்த வாரம் அவருக்கு வந்த மறுமொழிகளில் ஒன்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் தம் காலஞ்சென்ற தந்தையார் என்று ஒரு மாணவர் எழுதியது. தந்தையின் அசையும் உருவம் வேறெங்கும் அக்குடும்பத்தாரிடம் இல்லை.

ஆண்டிறுதியில் ஐயா தம் குறிப்பேட்டின் எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வழக்கம். முதல் ஆண்டிலேயே இருபதுக்கு மேற்பட்ட இணைப்புகள் அற்றுப்போயிருந்தன. ஏற்றியவர் நீக்கிவிட்டார், கணக்கு மூடப்பட்டது, உரிமைச் சிக்கல் எழுந்தது என்று பல காரணங்கள். காரணம் எதுவாயினும் திரையில் தெரிவது ஒரே சாம்பல் கட்டம். தேர்க்கட்டைக் காணொளியும் அவற்றுள் ஒன்று. நல்வேளையாக அந்தக் குடும்பத்தார் ஏற்றியவரைத் தேடிப் பிடித்து, இசைவு பெற்று, ஒரு படி வாங்கி வைத்திருந்தனர். மற்றவை போயின.

இணையத்தில் இட்டது என்றும் இருக்கும் என்பது ஒரு மயக்கம். தொலைக்காட்சிக்காரர்களும் ஒருகாலத்தில் அவ்வாறே மயங்கினர். அல்லது அதுபற்றிக் கவலையே கொள்ளவில்லை. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1960களிலும் 1970களிலும் நாடாவின் விலையைக் கருதித் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்து, அவற்றின் மேலேயே புதியன பதிந்தது. 1969இல் மனிதன் நிலவில் கால்வைத்த காட்சியின் மூல நாடாக்களே அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கக் கூடும் என்று அமெரிக்காவின் நாசா 2009இல் அறிவித்தது. நிலவுக்குச் சென்றவர்களே நாடாவைக் காக்கத் தவறினர் என்றால், தோட்டத்துத் திருவிழாவைக் கைப்பேசியில் எடுத்தவரைக் குறை சொல்லலாமா? ஆயினும் தமிழர்க்கு இதில் கூடுதலான அச்சம் இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். அந்த நினைவோடுதான் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் எழுந்தது. அதற்கு முன்னரே, 1998இல், கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழிலக்கியங்களை மின்னெழுத்தில் ஏற்றினார். எழுத்துக்கு இத்தகைய காவலர்கள் கிடைத்துவிட்டனர். அசையும் படத்துக்குக் கிடைத்தவர் குறைவு. மலாயாத் தமிழரின் அன்றாட வாழ்க்கையை எடுத்த அசையும் படங்கள் எங்கெங்கோ அலமாரிகளிலும் பூஞ்சை படர்ந்த ஒளிநாடாக்களிலும் கிடக்கின்றன. லிட்டல் இந்தியாவின் படப்பிடிப்பாளர்கள் 1980களில் எடுத்த திருமண நாடாக்கள் ஒரு தலைமுறையின் உடையை, உணவை, பேச்சை அப்படியே கொண்டவை. அவற்றை ஓட்டும் கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் முதுமை அடைந்துவிட்டனர்.

பள்ளிகள் மூடியிருந்த காலத்தில், 2021 பிப்ரவரியில், கல்வி அமைச்சு தனி அலைவரிசை ஒன்றைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1972இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் நினைவு ஐயாவுக்கு எழுந்தது. இணையம் எட்டாத வீடுகளுக்கு அது பேருதவி என்று அவர் தயங்காமல் சொன்னார். பெட்டியை மூடியவர் பெட்டியைப் பழித்தாரில்லை. பழித்தவர் சிலர் அவருடைய குழுவில் இருந்தனர். அவர்கள் கையில் இரவு இரண்டு மணி வரை கைப்பேசி ஒளிர்வதை அவர்களுடைய பிள்ளைகளே சொன்னார்கள்.

ஒரு நாள் காலை, ஆயர் ஈத்தாமில் வாழும் மாணவி ஒருவர் எழுதிய மறுமொழி ஐயாவை நெடுநேரம் எண்ண வைத்தது. "ஐயா, நாள்தோறும் மற்றவர் எடுத்ததை அனுப்புகிறீர்கள். வகுப்பில் உங்கள் தாயார் பால்மரத் தோட்டத்தில் பாடிய தாலாட்டைப் பற்றிச் சொல்வீர்களே, அது எங்கே இருக்கிறது?"

எங்கும் இல்லை. தாயார் மறைந்தபோது வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதில் திரைப்பாடல்களைப் பதிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாலாட்டைப் பதிய வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. ஐயாவுக்குப் பாட்டின் இரண்டு வரியே நினைவில் இருந்தது. அவர் அதனை முணுமுணுத்துப் பார்த்தபோது, சமையலறையிலிருந்து துணைவியார், "அப்படி இல்லை" என்றார். மாமியார் பாடக் கேட்டுத் தம் பிள்ளைகள் மூவரையும் அந்தப் பாட்டால் தூங்க வைத்தவர் அவர். பிள்ளைகளின் தந்தை அப்போது பள்ளி வேலையாக எங்கோ இருந்திருப்பார்.

கைப்பேசியை அரிசிப் பேழையின் மேல் சாய்த்து வைத்து, நாற்காலியில் அம்மையாரை அமர்த்தி, ஐயா பதியத் தொடங்கினார். முதல் முறை மின்விசிறியின் ஓசை பாட்டை விழுங்கியது. இரண்டாம் முறை மகள் வீட்டிலிருந்து நாடகத்துக்கு அழைப்பு வந்தது; அன்று மட்டும் அம்மையார் போகவில்லை. மூன்றாம் முறை தோட்டத்து மொழியில், மலாய்ச் சொல்லும் கலந்து, பாட்டு நன்றாகவே வந்தது. தாய்மாமன் வாங்கி வரும் பொருள்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் குரல் நின்றது. கொலுசுக்குப் பிறகு என்ன? அம்மையார் கண்ணை மூடினார், கையால் தொட்டிலை ஆட்டுவது போல் ஆட்டிப் பார்த்தார். வரவில்லை.

குறிப்பேட்டில் அன்றைய எண்ணுக்கு எதிரே, மூலம் என்ற நிரலில், ஐயா தம் தாயாரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினார். பாட்டை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. புக்கிட் மெர்த்தாஜாமில் அவருடைய தமக்கையார் இருக்கிறார், எண்பத்தேழு வயது. கொலுசுக்குப் பிறகு வருவது அவருக்குத் தெரிந்திருக்கலாம். சனிக்கிழமை காலை படகில் பட்டர்வொர்த் கடந்து, அங்கிருந்து இருவரும் செல்வதாக இருக்கிறார்கள். கைப்பேசிக்கு முதல் நாள் இரவே மின்னேற்றி வைக்கும்படி பேத்தி சொல்லியிருக்கிறாள்.